தாத்தாவின் காதும் ஒரு காணாமல்போன ஊரும்

கொஞ்ச நாள் முன்னாடி தாத்தாவோட பழைய போட்டோவை கம்ப்யூட்டர்ல ஏத்தி சரி பண்ணேன். இடது காது இருந்த மூலை கிழிஞ்சு போயிருந்துச்சு. வலது காதை நகலெடுத்து, திருப்பி ஒட்டினேன். பெருமையா அத்தைகிட்ட காட்டினா, "இது யாரு காதுடா? கடுக்கன் அறுந்து எங்கப்பாவுக்கு இடது காது பொளந்திருக்குமே!" என்றார். :-(

கரீபியன் தீவுகளின் பழைய பனோரமா படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அசட்டுத்தனம் ஞாபகம் வரும். ஆரம்பத்தில் காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து படம் எடுத்து, பக்கம் பக்கமாக ஒட்டுவார்கள். 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சர்க்கட் காமிரா வந்ததும் கதை மாறியது. காமிரா தானே சுற்றும். உள்ளே ஃபிலிமும் அதற்கேற்ப ஓடும். துறைமுகம் முழுக்க ஒரே ஃபிலிமில்!

வினையே அந்த நீளம்தான். சுருட்டித்தான் வைப்பார்கள். பல வருஷம் கழித்து ஆர்வக்கோளாறில் சட்டென்று விரித்தால் அப்பளம்தான். அதனால் மூடிய தொட்டிக்குள், தண்ணீர் படாமல், ஈரக்காற்றில் மட்டும் வைத்துச் சுருளைத் தளர்த்துகிறார்கள். பிறகு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே பாரம் வைத்துச் சமப்படுத்தி, பகுதி பகுதியாக ஸ்கேன் செய்கிறார்கள். அசலுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் கண்காட்சியில் பல சமயம் பிரதிதான் தொங்கும்.

சரி, கிழிஞ்ச இடத்தை என்ன செய்வது?

மார்டினிக் தீவின் சேன் பியேர் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1853 முதல் காரைக்கால், புதுச்சேரி பக்கமிருந்து நம்மாட்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய தீவு அது. 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் ஊரே போச்சு. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். எரிமலை ஆய்வாளர் ஃபிராங்க் பெரெட் 1933-இல் அங்கே தொடங்கிய அருங்காட்சியகத்தில், அழிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் உண்டு.

அப்படி ஒரு ஊரின் படத்தில் ஓட்டை இருந்தால், பக்கத்து வீட்டுக் கூரையை நகலெடுத்து மூடிவிடலாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊர் இல்லை. "இது எங்க வீடு இல்லையே"ன்னு சொல்ல இன்னைக்கு ஓர் அத்தையும் உயிரோடு இல்லை. நாம ஒட்டின கூரையே நாளைக்கு வரலாறு ஆயிடும். ஓட்டை தெரியட்டும், வேண்டுமானால் கண்ணை உறுத்தாத ஒரு மங்கல் நிறம் போதும்.

தாத்தாவுக்கு நான் ஒட்டின காதை எடுத்துட்டேன். கிழிசல் அப்படியே இருக்கு. நீங்களும் வீட்டுப் படத்துல கைவைக்கும் முன்னாடி, உள்ளது உள்ளபடி ஒரு ஸ்கேன் தனியா எடுத்து வெச்சிடுங்க மக்களே. முடிஞ்சா அத்தையையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. :-)