மூன்று முறைக்கு மேல் வேண்டாம்: ஒரு வழிகாட்டுதலுக்கு உரை

முன்பரிசோதனையில் வாய் நன்றாகத் திறந்தது, கழுத்தும் வளைந்தது. மயக்கம் கொடுத்துத் தசை தளர்ந்த பிறகு, மூச்சுக்குழாயில் ட்யூப் போட லாரிங்கோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் குரல்நாண் கண்ணில் படவில்லை. இந்த நிலைக்காகவே ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் 2016-ல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. பெரியவர்களுக்கான அதன் முக்கியக் கூறுகளைச் சங்ககிரியில் இருந்து வாசிக்கிறேன்.

முன்பே ஆக்சிஜன் நிரப்பு. மூச்சு நின்ற பின்னும் மூக்கு வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடட்டும்.
நுரையீரலில் ஆக்சிஜன் நிரம்பியிருந்தால், ஆரோக்கியமானவருக்கு ஓரிரு நிமிட அவகாசம் ஏழெட்டு நிமிடமாக நீளும். பருமனானவருக்கு அவ்வளவு கிடைக்காது.

முதல் முயற்சி தவறியதும் உதவிக்கு ஆள் கூப்பிடு.
நெடுஞ்சாலையோரச் சிறு மருத்துவமனைக்கு மயக்க மருந்து டாக்டர் சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ தன் பையோடு காரில் வருகிறார் என்றால், பக்கத்து தியேட்டரில் இன்னொருவர் இருக்கமாட்டார். ஆகவே யாருக்குப் போன் போட வேண்டும், யார் போட வேண்டும் என்பதை ஊசி போடும் முன்பே பேசி வைக்க வேண்டும். உதவி என்பதில் தியேட்டர் சிஸ்டரும் அடக்கம். 2005-ல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண்ணுக்குச் சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுத்தபோது காற்றுவழி கிடைக்கவில்லை. அனுபவமிக்க டாக்டர்கள் ட்யூப் போடவே திரும்பத் திரும்ப முயன்றார்கள். கழுத்தில் வழி திறக்கும் கருவிகளை நர்ஸ் தயாராக வைத்தும் அவை பயன்படவில்லை. 13 நாளில் எலைன் இறந்தார். “சார், மூணு தடவை ஆச்சு” என்று உரக்கச் சொல்லும் உரிமையை டாக்டரே சிஸ்டருக்கு முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பேன்.

ட்யூப்புக்கு மூன்று முயற்சி, குரல்வளைக்கு மேலே அமரும் எல்.எம்.ஏ. வகைக் கருவிக்கு இரண்டு. அதுவும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் குறையாதவரை.
ஒவ்வொரு முயற்சியிலும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும். அதுவரை மாஸ்க்கில் போய்க்கொண்டிருந்த காற்றும் அடைபடலாம். அடுத்த முயற்சியில் தலை நிலையையோ பிளேடையோ மாற்ற வேண்டும், ட்யூப்புக்கு வழிகாட்டும் மெல்லிய தண்டான பூஜியை எடுக்க வேண்டும். செய்ததையே திரும்பச் செய்யக் கூடாது. விரல் கிளிப் காட்டும் எண் சற்றுத் தாமதமாகவே இறங்கும் என்பதால் 95 என்ற எல்லை சரிதான்.

ட்யூப் உள்ளே போனதை, வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் சொல்ல வேண்டும்.
ஸ்டெத் மட்டும் போதாது.

எதுவும் பலிக்காவிட்டால், தசை முழுதாகத் தளர்ந்ததை உறுதிசெய்து மாஸ்க்கில் ஒரு கடைசி முயற்சி. பிறகு கழுத்தின் முன்பக்கம் வழி திற.
குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே விரலுக்குத் தட்டுப்படும் சவ்வுதான் இடம். பத்தாம் எண் பிளேடு, ஒரு பூஜி, ஆறாம் எண் ட்யூப்: பிரிட்டனின் 2015 வழிகாட்டுதல் இதற்குக் கேட்பது இவ்வளவே. எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இவை இருக்க முடியும். கை தயங்குவதுதான் ஆபத்து; பொம்மையில் பழகாமல் அந்தத் தயக்கம் போகாது.

நோயாளிக்கு விளக்கி, எச்சரிக்கைப் படிவம் கொடு.
சங்ககிரி லாரி ஊர். இங்கே அறுவை செய்துகொண்ட டிரைவருக்கு அடுத்த மயக்கம் நாக்பூரில் தேவைப்படலாம். படிவத்தை ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்து, லைசென்ஸோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டாரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.