பழைய சினிமா லென்ஸ்: புகைப்படக் கேமராவில் மறுபயன்பாடு

திரைப்படம் பிடிப்பதற்கோ திரையில் ஓட்டுவதற்கோ செய்யப்பட்ட லென்ஸை இன்றைய டிஜிட்டல் புகைப்படக் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கும் முறை இது. பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இதற்குப் பெரும்பாலும் வழியில்லை. லென்ஸ் மாட்டும் வாய்க்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழுந்து விழ வேண்டியிருந்ததால் நிக்கானில் 46.5 மி.மீ., கேனனில் 44 மி.மீ. இடைவெளி கட்டாயமாக இருந்தது. 2008-ல் வந்த பானாசோனிக் ஜி1 கேமராவில் கண்ணாடி இல்லை, இடைவெளி 19.25 மி.மீ. ஆகச் சுருங்கியது. 2010-ல் சோனி அதை 18 மி.மீ. ஆக்கியது. பெட்டியில் கிடந்த சினிமா லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு லென்ஸ் பொருந்துமா என்பதை முதலில் இந்த இடைவெளியே சொல்லிவிடும். லென்ஸ் கேட்கும் இடைவெளி கேமராவில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால், மிச்சத்தை ஒரு வளையத்தால் நிரப்பிவிடலாம். ஆரி நிறுவனத்தின் பி.எல். மவுண்ட் 52 மி.மீ. கேட்கிறது, சோனியில் 34 மி.மீ. தடிப்புள்ள அடாப்டர் போட்டால் போதும். 16 மி.மீ. கேமராக்களின் சி-மவுண்ட் அப்படியில்லை. ஓர் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 32 புரியும் கொண்ட இந்தத் திருகு லென்ஸுக்கு 17.526 மி.மீ. இடைவெளி வேண்டும். ஜி1 வகைக் கேமராவில் அது வாய்க்குள் 1.7 மி.மீ. இறங்கி உட்கார வேண்டியிருக்கிறது. பின்பக்கம் பருத்த லென்ஸ் அங்கே இடித்துக்கொள்ளும். இடித்தால் விட்டுவிட வேண்டும்; அழுத்தித் திருகக் கூடாது.

அடுத்தது, லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டம். 16 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டம் 12.7 மி.மீ.; ஜி1 வகைக் கேமராவின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் மூலைவிட்டம் 21.6 மி.மீ.; முழுச்சட்டக் கேமராவில் 43.3 மி.மீ. அதனால் 25 மி.மீ. சி-மவுண்ட் லென்ஸ் பலவற்றில் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துவிடும். 50, 75 மி.மீ. லென்ஸ்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரைப் பெரும்பாலும் நிறைத்துவிடும். லெஸ்டர் நகரில் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் செய்த குக் ஸ்பீட் பாங்க்ரோ போன்ற, 35 மி.மீ. ஃபிலிமுக்கான சினிமா லென்ஸ்கள் ஏ.பி.எஸ்-சி சென்சார் அளவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அவை விலை கூடியவை. சாதாரண ஆர்வலர் கைக்கு எட்டுவதில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர் போன்ற ஊர்களில் இந்தக் கலைக்கு மிக அருகில் இருப்பது படம் காட்டும் லென்ஸ்தான். 1946-ல் தொடங்கிய மலாயா ஃபிலிம் யூனிட்டின் படங்கள் தமிழ் விளக்கத்துடனும் வந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் அதன் பிறகும் தகவல் இலாகா வண்டிகள் 16 மி.மீ. ப்ரொஜெக்டரோடு கம்பம் எனும் மலாய்க் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய்த் திடலில் திரை கட்டின. மலாய்க்காரர்கள் இதை வாயாங் பாச்சாக் என்றார்கள். அந்த வகை ப்ரொஜெக்டர்களில் பரவலாக இருந்தது 2 அங்குல, எஃப் 1.6 லென்ஸ். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வளைத்துப் பிடிக்கும் அளவு குழாய். திறந்து மூடும் இதழ்கள் கிடையாது, தூர எண்களும் கிடையாது.

வியன்னாப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் 1840-ல் வகுத்த லென்ஸ் அமைப்பின் வழிவந்தவை இப்படிப்பட்ட பல ப்ரொஜெக்டர் லென்ஸ்கள். நடுவில் கூர்மை, ஓரம் போகப்போகக் குழைவு. சிறிய 16 மி.மீ. சட்டத்துக்கு வெளியே இருந்த அந்த ஓரத்தைத் திரை காட்டியதில்லை. பெரிய சென்சார் அதையும் சேர்த்துப் பிடிக்கிறது. ரப்பர் பால்மரக் காட்டின் நிரையில் நிற்கும் ஒருவரை எடுத்துப் பாருங்கள்: முகம் தெளிவாக நிற்கும், பின்னாலிருக்கும் இலைகளும் இலைகளுக்கு ஊடாக வரும் வானத்துண்டுகளும் அவரைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரியும். மரம் இலை சிவந்து உதிர்க்கும் காலத்தில் இந்தச் சுழல் இன்னும் அழகு. லென்ஸின் குறைதான் இது. ஆனாலும் கணினியில் போலியாகச் செய்யும் மங்கலைவிட எனக்கு இதுவே உயர்வாகப் படுகிறது.

பொருத்துவதற்கு விலை குறைந்த ஹெலிகாய்டு குழாய் ஒன்று போதும். திருகத் திருக நீண்டு சுருங்கும் அது ஃபோகஸ் வேலையைச் செய்யும். முதலில் லென்ஸைக் கேமரா வாயின் முன் கையால் பிடித்து, தூரத்து மரம் எந்த இடத்தில் தெளிகிறது என்று பார்த்து, அந்த இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி கேமராவில் அமைப்பை மாற்றுவதும் அவசியம். இதை மறந்தவர்கள் அடாப்டரைத்தான் குறை சொல்கிறார்கள்.

இதழ் இல்லாததால் வெளிச்சம்தான் பெரிய சிக்கல். நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-ல் எஃப் 16-க்கு நொடியில் 100-ல் ஒரு பங்கு நேரம் போதும். எஃப் 1.6-ல் 100 மடங்கு ஒளி நுழைவதால் 10,000-ல் ஒரு பங்கு வேண்டியிருக்கும். பல கேமராக்களின் ஷட்டர் 4,000-ல் ஒரு பங்கோடு நின்றுவிடும். கறுப்பு ஃபில்டர் போடலாம், அல்லது பால் வெட்டும் காலை நேரத்தில் போகலாம். மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டும் அந்த நிழல் வெளிச்சம் இந்த லென்ஸுக்கென்றே அமைந்தது. பீடோர், சுங்காய் வட்டாரத்தில் பால்மரம் இருந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை ஆகிவிட்டது. மிஞ்சிய சிறு தோட்டங்களில்தான் இப்படி எடுக்க முடியும்.

தித்திவாங்சா மலையடிவாரமான இந்த ஈர வட்டாரத்தில் லென்ஸுக்குப் பெரிய பகை பூஞ்சை. வாங்குவதற்கு முன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, குறுக்காகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய பால்சம் பிரிந்திருந்தால் ஓரத்தில் வானவில் நிறம் தெரியும். மேலே மட்டும் படர்ந்த பூஞ்சையை, லென்ஸைத் திறந்து துடைத்துவிடலாம். அது கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் எந்தத் துடைப்புக்கும் தழும்பு போகாது. புகழ்பெற்ற பெயர் பொறித்த, ஈரம் ஏறிய லென்ஸைவிட, பெயர் தெரியாத உலர்ந்த லென்ஸ் மேல். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் உலர் பெட்டியில் வைத்தால் காப்பாற்றலாம். துணி அலமாரியிலும் தோலுறையிலும் வைக்க வேண்டாம்.

போலெக்ஸ் எச்16 ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்காக கெர்ன் நிறுவனம் செய்த ஆர்.எக்ஸ். குறியுள்ள லென்ஸ்களை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கேமராவுக்குள் ஒரு பட்டகக் கண்ணாடி உண்டு. அதையும் கணக்கில் சேர்த்தே லென்ஸைத் திருத்தியிருந்தார்கள். பட்டகமில்லாத டிஜிட்டல் கேமராவில் முழுதாகத் திறந்தால் படம் சற்றுக் குழையும். இரண்டு மூன்று படி மூடினால் சரியாகும்.

இடிக்கிறது என்பதற்காக லென்ஸின் பின்பக்கத்தை அராவுவதும் மவுண்டை வெட்டி எறிவதும் இன்று சாதாரணமாகிவிட்டது. இது தவறு. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த லென்ஸுக்கு உரிய ப்ரொஜெக்டரோ கேமராவோ பின்னால் கிடைத்தாலும் அதில் மாட்ட முடியாது. எப்போது வேண்டுமானாலும் கழற்றித் திருப்பி வைக்கக்கூடிய அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். தாத்தா வீட்டிலோ பழைய தோட்ட அலுவலகத்திலோ இப்படியொரு லென்ஸ் கிடைத்தால், எந்தத் தோட்டத்தில், எந்தத் திடலில் அது படம் காட்டியது என்று பெரியவர்களைக் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி லென்ஸோடு சேர்த்து வையுங்கள்.