‘சுழல்’ இன்ஸ்பெக்டர் ரெஜினா: திரையில் நடப்பது நிஜ ஸ்டேஷனில் நடக்குமா?

மகளைக் காணோம். அப்பாவுக்கு இருக்கும் ஒரே வழி போலீஸ். ஆனால், அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரோ ஆலைத் தகராறில் அவரோடு மோதியவர். 2022 ஜூன் 17-ல் அமேசான் பிரைமில் வெளியான ‘சுழல்’ சூடுபிடிப்பது இங்கேதான்.

யார் இந்த ரெஜினா?

புஷ்கர் - காயத்ரி உருவாக்கிய 8 எபிசோடு தொடர் இது. சாம்பலூர் என்ற கற்பனை ஊரின் இன்ஸ்பெக்டர் ரெஜினா தாமஸாக வருகிறார் ஸ்ரேயா ரெட்டி. எஸ்.ஐ. சக்கரையாக கதிர், காணாமல் போன நிலாவின் அப்பா சண்முகமாக பார்த்திபன்.

சிக்கல் என்ன?

விசாரணை போகப்போக ரெஜினாவின் மகன் அதிசயத்தின் பெயரும் அடிபடுகிறது. விசாரிக்கும் அதிகாரியும் அவரே, தாயும் அவரே!

நிஜத்தில் இப்படி நடந்தால்?

வழக்கை வேறு அதிகாரிக்கு மாற்றச் சொல்லி எஸ்.பி.யிடம் மனு கொடுக்கலாம். தேவைப்பட்டால் நீதிமன்றத்தையும் நாடலாம்.

‘24 மணி நேரம் பொறுங்க’ என்று சொன்னால்?

அப்படி எந்தச் சட்டமும் இல்லை. குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

வீரகேரளம்புதூர்க்காரரின் பிள்ளை குற்றாலத்தில் காணாமல் போனாலும், சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே புகார் தரலாம். ‘எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பெண் போலீஸ் கட்டாயமா?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வாங்கும் போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது.

ரெஜினா போன்ற அதிகாரி கிடைப்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம், எஃப்.ஐ.ஆர். கிடைப்பது உங்கள் உரிமை. அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இந்த மூன்று எண்களையும் இப்பவே போனில் சேவ் பண்ணி வைங்க.