சதுரங்க இறுதியாட்டப் புதிர்களும் கணினியும்

பலகையில் சில காய்களை மட்டும் வைத்து, ‘வெள்ளை வெல்ல வேண்டும்’ அல்லது ‘வெள்ளை சமன் செய்ய வேண்டும்’ என்ற நிபந்தனையோடு அமைக்கப்படுவது இறுதியாட்டப் புதிர். நல்ல புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அதை உறுதி செய்வது எளிதன்று. 1895இல் கிளாஸ்கோ வார இதழ்ப் பகுதியொன்றில் சமநிலை என்று வெளியான ஒரு புதிரில் வெற்றி இருப்பதை அவ்வூரில் வாழ்ந்த சாவேத்ரா என்ற பாதிரியார் கண்டுபிடித்தார். காலாளை அரசியாக்காமல் கோட்டையாக்க வேண்டும் என்பதே அந்த விடை.

இத்தகைய திருத்தங்களைப் பிற்காலத்தில் கணினி செய்யத் தொடங்கியது. அதன் முறை பின்னோக்கிச் செல்வது. முதலில் அரசன் முற்றுகையில் அகப்பட்ட எல்லா நிலைகளையும் குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு நகர்த்தலில் அவற்றை அடையக்கூடிய நிலைகள், அவற்றுக்கு முந்தியவை என்று ஒவ்வொன்றாகப் பின்னே போகும். இறுதியில் கிடைக்கும் அட்டவணையில் ஊகத்துக்கு இடமே இல்லை. இரண்டு அமைச்சர்களை ஒற்றைக் குதிரையால் தடுத்து நிறுத்தலாம் என்று கிளிங், ஹார்விட்ஸ் இருவரும் 1851இல் ஓர் அரண் நிலையைக் காட்டியிருந்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் நம்பினர். யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன் 1983இல் கணினியால் ஆராய்ந்தபோது அந்த அரண் உடைந்தது. ஆனால் வெற்றிக்கு 66 நகர்த்தல்கள் வரை தேவைப்பட்டன. 50 நகர்த்தல் விதியோ குறுக்கே நின்றது! பன்னாட்டுக் கூட்டமைப்பு சில இறுதியாட்டங்களுக்கு அவ்விதியைத் தளர்த்திப் பார்த்து, பின்னர் பழையபடியே விட்டுவிட்டது.

2012இல் மாஸ்கோவின் லொமனோசொவ் அட்டவணை ஏழு காய்கள் வரை எட்டியது; அதன் அளவு சுமார் 140 டெராபைட்டு. பழைய புதிர்கள் பலவற்றில் இரண்டாவது விடை இருப்பதும், சிலவற்றில் விடையே இல்லாததும் இவ்வகை அட்டவணைகளால் வெளிப்பட்டன. ஏழைத் தாண்டினால் நிரல்கள் கணித்து மதிப்பிடுகின்றன. முழு நிரூபணம் தருவதில்லை.

அந்த எல்லையை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பார்க்க முடிந்தது. உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில் சென்னையின் 18 வயது குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரெனுக்கும் இடையே ஒன்பது காய்கள் மிஞ்சியிருந்தன. குகேஷுக்கு ஒரு காலாள் கூடுதல். ஆயினும் ஆட்டம் சமநிலையை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை குகேஷைக் கணினி நிரல்களின் பக்கம் போகவிடாமல் பழக்கியவர் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. இன்றைய காலத்தில் இது துணிச்சலான முடிவு. பலகைமுன் உட்காரும்போது அட்டவணை துணைக்கு வராதல்லவா?

55ஆவது நகர்த்தலில் டிங் கோட்டைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். மாற்றியதும் ஏழு காய்கள். டிங்கின் அமைச்சர் பலகையின் மூலையில் நின்றது; குகேஷ் தன் அமைச்சரை நடுவே கொண்டுவந்து அதன் ஒரே மூலைவிட்டத்தை அடைத்தார். அமைச்சர்களும் மாறின. ஐந்து காய்கள் மட்டுமே மிஞ்சிய அந்த நிலைக்கு அட்டவணை தரும் விடை கறுப்பின் வெற்றி. 58ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.