கரடிப் பொம்மையின் கதையும் அதன் தையலும்



உத்தியோக நிமித்தம் ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்களில், சாமான் கட்டும் நாளன்று எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று பெரியோர் கணக்கிட்டுக்கொண்டிருப்பர். அக்கணக்கிற்குச் சற்றும் உட்படாத பொருள் ஒன்று குழந்தையின் கக்கத்தில் இருக்கும். எங்கள் இல்லத்தில் அஃது ஒரு கரடிப் பொம்மை. என் மனைவியின் தமக்கையார் தம் கையாலேயே தைத்தளித்தது. சென்னையிலிருந்து தில்லிக்கு இரண்டு இரவுப் பயணம் செய்து வந்த அப்பொம்மையை, ரயில் தூசு போகட்டும் என்று வாளியில் ஊறவைத்துத் துவைத்தோம். இரண்டு திங்களில் அதன் வலக்கை கழன்று தொங்கலாயிற்று. கடைத்தெருவிற்கு எடுத்துச் சென்றேன். பொம்மைக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கவும் இல்லை. "இதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். என் மகள் அவரைப் பார்த்த பார்வையை நான் மறப்பதற்கில்லை.

அன்றிரவு முதுகுத் தையலைப் பிரித்து உள்ளே நோக்கினேன். தோளினுள் அட்டை வில்லை ஒன்று கூழாகிக் கிடந்தது. அதன் நடுவே ஓர் இரும்பு ஊசி துருவேறி நின்றது. இந்த வில்லையும் ஊசியும் யார் மூளையில் உதித்தவை என்று தேடப் புகுந்ததன் பயனே இன்றைய பேச்சு.

கரடிப் பொம்மைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெடி' என்னும் பெயர், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயராகும். 1902 நவம்பர் 14ஆம் நாள் அவர் மிஸிஸிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றிருந்தார். அடிமையாகப் பிறந்து, பின்னர் பேர்பெற்ற வேட்டை வழிகாட்டியாக விளங்கிய ஹோல்ட் காலியர் என்பவர், நாய்களோடு பொருத கரடி ஒன்றை அடித்து வீழ்த்தி மரத்தில் கட்டிவைத்துவிட்டுத் தலைவருக்குச் சொல்லியனுப்பினார். கட்டுண்ட விலங்கைச் சுடுவது வேட்டை அறமன்று என ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் சொல்லாமல் விடுவது அடுத்த செய்தி: காயமுற்ற அக்கரடியின் துன்பம் தீர அதனைக் கொன்றுவிடுமாறு அவரே பணித்தார், அவ்வாறே கத்தியால் கொல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, வாஷிங்டன் போஸ்ட் இதழில் கிளிஃபர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரத்தில் கயிற்றில் கட்டுண்ட கரடியும், புறங்காட்டிக் கையுயர்த்தி மறுக்கும் தலைவரும் மட்டுமே இருந்தனர். அவர் பின்னர் வரைந்த சித்திரங்களில் அக்கரடி மேலும் மேலும் சிறுத்து, உருண்டை விழிகளுடைய குட்டியாகிவிட்டது. மூலத்தில் உள்ளதை விட்டுவிடலாகாது என்று அன்றாடம் அலுவலகத்தில் கண்டிக்கப்படும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, பெரிமன் விட்டுவிட்ட பகுதியே முதலில் கண்ணிற்படுகிறது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை நடத்திவந்த மாரிஸ் மிச்டம் என்பவரும் அவர் மனைவி ரோஸும் அச்சித்திரத்தைக் கண்டு, துணியால் ஒரு கரடி தைத்துக் கடையில் வைத்தனர். அது விலைபோயிற்று, நாளடைவில் பெரிய பொம்மை நிறுவனமாக வளர்ந்தது. தலைவரின் பெயரைச் சூட்ட அவரிடமே கடிதம் மூலம் இசைவு பெற்றதாக அக்குடும்பத்தார் சொல்லிவந்தனர். ஆயின் அக்கடிதம் இன்றளவும் வெளிப்படவில்லை.

நிற்க. ஏறத்தாழ அதே காலத்தில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், தென் ஜெர்மனியின் கீங்கன் என்னும் சிற்றூரில் மற்றொரு கரடி உருவாகிக்கொண்டிருந்தது. கைத்தொழிலில் ஈடுபாடுடையோர் சற்று நின்று காணவேண்டிய இடம் இதுவே.

மார்கரெட் ஸ்டைஃப் 1847இல் அவ்வூரில் பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இரு கால்களும் முடங்கின, வலக்கையும் வலுவிழந்தது. சக்கர நாற்காலியிலிருந்தவாறே தையல் கற்றார். தையல் இயந்திரத்தின் சக்கரம் வலப்புறம் இருப்பது அவருக்குத் தடையாயிற்று. அவர் இயந்திரத்தையே திருப்பி வைத்துக்கொண்டு இடக்கையால் சுழற்றினார் என்று கூறுவர். 1877இல் ஃபெல்ட் எனப்படும் அழுத்தக் கம்பளத் துணியாலான ஆடைகளை விற்கத் தொடங்கினார். 1880இல் அத்துணியைக் கொண்டு ஊசி குத்தி வைப்பதற்காகச் சிறு யானை ஒன்று தைத்தார். பெண்டிர் ஊசி குத்த வாங்கிய யானையைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டனர். அதன்பின் குரங்கு, ஒட்டகம், கழுதை எனப் பல உருவங்கள் பிறந்தன.

அவருடைய உடன்பிறந்தாரின் மகன் ரிச்சர்ட் ஸ்டைஃப் ஓவியக் கல்வி பெற்றவர். ஸ்டுட்கார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் கரடிகளை மணிக்கணக்கில் நோக்கி வரைந்தவர். கரடி நான்கு காலில் நிற்கும், இரு காலில் எழும், உட்காரும், கை நீட்டும். பொம்மையும் அவ்வாறே அசையவேண்டும் என்பது அவர் விழைவு. 1902இல் அவர் அமைத்த கரடிக்கு '55 பி.பி.' என்று பெயர்: 55 சென்டிமீட்டர் உயரம், பிளஷ் துணி, அசையும் உறுப்புகள் என்பது அதன் பொருள். 1903இல் லைப்சிக் கண்காட்சியில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு ஆணையிட்டார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அக்கரடிகளுள் ஒன்றேனும் இன்று எஞ்சியதாகத் தெரியவில்லை.

அதற்குக் காரணம் மூட்டு என்று கருத இடமுண்டு. முதற்கரடிகளின் கைகால்கள் நூற்கயிற்றால் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தன. குழந்தை இழுக்க இழுக்கக் கயிறு தளர்ந்தது. அடுத்து, உடலின் ஊடே உலோகக் கம்பி செலுத்தி இருபுறத்து உறுப்புகளையும் இணைத்துப் பார்த்தனர். உறுதி வந்தது, ஆனால் பொம்மை விறைத்து, கனத்து, அணைத்துக்கொள்ள ஒவ்வாததாயிற்று. 1905இல்தான் வில்லை மூட்டு அமைந்தது. கையினுள் ஓர் அட்டை வில்லை. அதன் நடுத்துளையில் வாஷருடன் ஒரு காட்டர் பின். அப்பின் துணியைக் கடந்து உடலினுள் புகும். அங்கே மற்றொரு வில்லை, மற்றொரு வாஷர். பின்னின் இரு முனைகளையும் குறட்டால் இறுகச் சுருட்டிவிட்டால் மூட்டு அமைந்துவிடும். கழுத்துக்கும் இதே முறைதான். இரண்டு வில்லைகளும் துணியைக் கவ்விப் பிடிப்பதால் ஏற்படும் உராய்வே, கையை நாம் வைத்த நிலையில் நிறுத்துகிறது. நூறாண்டுகளுக்குப் பின்னரும் கையால் கரடி செய்வோர் இதனையே கையாளுகின்றனர். என் மைத்துனியார் வைத்ததும் இதுவே. நாங்கள் வாளியில் ஊறவைத்துக் கூழாக்கியதும் இதுவே.

மார்கரெட் அம்மையார் 1909இல் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னர், 1907இல் மட்டும், அவருடைய தொழிற்சாலை ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்ட கரடிகளைச் செய்திருந்தது.

இனி, பொருள்களைக் காண்போம். பஞ்சடைத்த பொம்மை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆதிக் கரடிகளுள் பஞ்சே கிடையாது. கண்ணாடிச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது இடையில் திணிப்பார்களே, அந்த மரச்சுருள் இழைதான் உள்ளே இருந்தது. அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலும் அதன் பின்னரும், குறிப்பாக இங்கிலாந்தில், 'கபோக்' பரவலாயிற்று. இச்சொல்லைக் கண்டு மலைக்க வேண்டா. நம் ஊர்த் தலையணைகளில் அடைக்கும் இலவம்பஞ்சே அது. ஈரம் பற்றாத, கனமற்ற அப்பஞ்சு கரடியை மென்மையாக்கிற்று. வெளித்துணியோ, அங்கோரா ஆட்டு மயிரால் நெய்த மோஹேர். அது விலையுயர்ந்தது, ஆதலின் ஒரு துண்டில் ஆறு தலைகள் வெட்டி, எஞ்சிய துணுக்குகளை நடுவே இணைத்து ஏழாவது தலையைத் தைத்தனர் என்பர். சிக்கனத்தால் பிறந்த அந்த நடுத்தையல் கரடிகளையே இன்று சேகரிப்போர் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகின்றனர்! போர் முடிந்த கையோடு மோஹேர் கிடையாதபோது, 1919ஆம் ஆண்டளவில் காகித இழையால் நெய்த துணியிலும் ஸ்டைஃப் நிறுவனம் கரடிகளைச் செய்தது.

வீட்டிலேயே ஒன்று செய்ய விரும்பும் நேயர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். மயிர்த்துணியில் மயிர் சாயும் திசையைக் கையால் தடவி அறிந்து, துணியின் பின்புறத்தில் அம்புக்குறி இடுக. உடலுறுப்புகளில் மயிர் கீழ்நோக்கிச் சாயவேண்டும். படிவங்களைப் பின்புறத்தில் வரைக. இடது, வலது என இணையாக வருவனவற்றுள் ஒன்றைப் புரட்டிப் போட்டு வரைய மறந்தால் இரண்டு இடக்கைகள் கிடைக்கும். எனக்குக் கிடைத்தன. வெட்டும்போது கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டுக. மயிரை வெட்டினால் தையலோரம் மொட்டையாகிவிடும். தைக்கும்போது மயிரை உட்புறமாகத் தள்ளிவிட்டுத் தைத்து, பின்னர்த் தையலில் சிக்கியதை ஊசி முனையால் வெளியே எடுத்துவிடுக. தலைக்கு இரண்டு பக்கத் துண்டுகளும், மூக்கிலிருந்து பிடரி வரை செல்லும் ஒரு நடுப்பட்டையும் வேண்டும். முகத்தின் வடிவம் முழுவதும் அப்பட்டையில் அடங்கியிருக்கிறது.

அடைக்கும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். மூக்கு முனையிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் குச்சியால் இறுக்குக. தளர்வாக அடைத்த மூக்கின் மேல் பின்னல் வேலை நிற்காது. தில்லியில் கார்த்திகை மாதத்தில் ரஜாய்க்குப் பஞ்சு கொட்டுபவர் தெருவில் வருவார். அவர் வில்லால் கொட்டி உதிர்த்த பஞ்சை ஒரு பிடி கேட்டு வாங்கி நான் பயன்படுத்தினேன். உடலை மூடுவதற்கு ஏணித் தையல் ஏற்றது: இருபுற மடிப்புகளிலும் மாறிமாறி ஊசியை ஓட்டி, நூலை இழுத்தால் தையல் மறைந்துவிடும். கண்ணைக் கடைசியில் வைக்க வேண்டும். நீண்ட ஊசியால் நூலைப் பிடரிக்குக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குரிய பொம்மையாயின் கண்ணாடிக் கண்ணோ பொத்தானோ கூடவே கூடாது. நூலாலேயே கண்ணைப் பின்னிவிடுக. விழுங்கிய பொத்தான் மூச்சை அடைத்துவிடும்.

இந்த அச்சமே பொம்மையின் வரலாற்றையும் திருப்பிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின், வேல்ஸ் நாட்டில் தொழில் நடத்திய வெண்டி பாஸ்டன் என்னும் மாது, திருகி இறுக்கிய நைலான் கண்களை அமைத்தார். 1954இல், மூட்டே இல்லாத, நுரைப்பஞ்சு அடைத்த, இயந்திரத்தில் துவைக்கத்தக்க கரடியை வெளியிட்டார். தாய்மார்களுக்கு இது பெரும் நிம்மதி. அதில் குறைகாண எனக்கு உரிமையில்லை. எனினும் மற்றொன்றும் உண்மை. நுரைப்பஞ்சு சில பத்தாண்டுகளில் பொடிந்துபோகும் இயல்பினது. அவ்வழியில் வந்த மலிவான கரடிகளைப் பிரிப்பார் இல்லை. பிரித்தாலும் மாற்றத்தக்க உறுப்பென்று உள்ளே ஏதுமில்லை. கடைத்தெருக்காரரின் சொல் இத்தகைய சரக்குகளோடு பழகியவரின் சொல்.

பழுது பார்ப்பதைப் பற்றி ஒன்றிரண்டு. பழைய கரடியை நீரில் அமிழ்த்தலாகாது. மெல்லிய சோப்பின் நுரையை மட்டும் எடுத்து மேல்மயிரைத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துக. பூச்சி அரித்திருப்பின் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் ஒரு வாரம் வைத்தெடுப்பது பூச்சியுருண்டையைவிட நல்லது. கிழிசலுக்கு உட்புறமாக ஒட்டுத்துணி கொடுக்கவேண்டும். தேய்ந்த துணியின் ஓரத்தை மட்டும் இழுத்துத் தைத்தால் அடுத்த கிழிசல் பக்கத்திலேயே தோன்றும். எடுத்த உறுப்பு எதையும் எறியாமல் ஓர் உறையில் இட்டு வைக்கவேண்டும்.

எவ்வளவு மாற்றுவது என்பதே கடினமான வினா. 1994இல் லண்டன் ஏலத்தில் 'டெடி கேர்ள்' என்னும் ஸ்டைஃப் கரடியை ஜப்பானியர் ஒருவர் 1,10,000 பவுனுக்கு எடுத்தார். ஒரே உரிமையாளரிடம் வாழ்நாள் முழுவதும் இருந்து தேய்ந்த கரடி அது. 'வின்னி தி பூ' கதைகளுக்குக் காரணமான கரடி, 1921இல் லண்டன் கடையொன்றில் ஒரு குழந்தைக்காக வாங்கப்பட்டது. இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது. நிபுணர்கள் ஓராண்டுக்கு மேல் அதனைப் பேணிச் செப்பனிட்டபின் 2016இல் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். இன்று அதைக் காண்போர் புத்தம் புதிய கரடியைக் காண்பதில்லை. மயிர் தேய்ந்து, பல கைகள் பட்ட அதே கரடியைத்தான் காண்கின்றனர்.

எங்கள் கரடிக்கு வருவோம். அட்டைக்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து வில்லைகள் வெட்டினேன். வன்பொருள் கடையில் காட்டர் பின்னும் வாஷரும் சில ரூபாய்க்குக் கிடைத்தன. குறட்டால் சுருட்ட இரண்டு மாலைகள் பிடித்தன. முதன்முறை பின் முறிந்தது. புதிய வலக்கை இடக்கையைவிடச் சற்று விறைப்பாகத்தான் சுழல்கிறது. தேய்ந்துபோன மூக்கையும் புதிதாகப் பின்னிவிடட்டுமா என்று என் மகளைக் கேட்டேன். வேண்டாம் என்று பொம்மையை வாங்கிக்கொண்டாள். ஊசியில் கோத்திருந்த கறுப்பு நூலை மீண்டும் நூற்கண்டில் சுற்றி வைத்தேன்.