பச்சை என்றால் நிறம் மட்டும்தானா?

நம்ம பிள்ளைகளிடம் 'பச்சை' என்றால் என்ன என்று கேட்டால் "இலையோட கலர்" என்பார்கள். பள்ளிப் பாடம் அவ்வளவுதான் சொல்லித் தருகிறது. அப்படியானால் பச்சரிசியில் அந்த நிறம் எங்கே? பச்சைத்தண்ணியில் எங்கே? பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு என்கிறோமே, அது என்ன நிறம்?

'பசு' என்ற வேருக்கு நிறம் ஒரு பொருள்தான். வேகாதது, காயாதது, ஆறாதது, புதியது எல்லாம் அதில் அடக்கம். பச்சைப் புண், பச்சை மண், பச்சைப் பிள்ளை எல்லாம் அப்படி வந்தவை. நிறத்திலும் அது ஒன்றோடு நிற்கவில்லை. பசும்பொன் மஞ்சள். தலைவியின் மேனியில் படரும் பசலையைச் சங்கப் புலவர்கள் பீர்க்கம்பூவோடு ஒப்பிட்டார்கள், அதுவும் மஞ்சள்தான். வள்ளுவர் பசலைக்கென்றே 119ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். தெலுங்கில் மஞ்சளுக்குப் பெயரே 'பசுப்பு'. கையில் குத்துகிற பச்சையோ நீலம் ஓடியது. 'நீலம்' மட்டும் என்ன? நீலகேசி என்ற சமணக் காப்பியத் தலைவியின் பெயருக்குக் கருங்கூந்தலாள் என்றுதான் பொருள்.

இங்கிலாந்தின் கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரின் காவியங்களை ஆராய்ந்து, பழங்கால கிரேக்கருக்கு நிறம் காணும் உணர்வு முழுதாக வளரவில்லை என்று எழுதினார். இது சரியான முடிவு அல்ல. பச்சரிசி என்று சொன்ன நம் பாட்டிக்கு அரிசி வெள்ளை என்று தெரியாதா? சொல் அகலமாக இருந்தால் கண் மங்கல் என்று ஆகிவிடாது.

அதே பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் நாட்டு மொழியில் 'க்ளாஸ்' என்று ஒரு சொல். வானமும் கடலும் புல்லும் முன்பு அதில் அடங்கின. இப்போது அது நீலத்துக்கும், 'க்விர்த்' என்பது பச்சைக்கும் ஆகிவிட்டன. ஆனாலும் புல்லின் பெயரில் 'க்ளாஸ்' அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவனுக்கும் அந்தச் சொல்லை வைத்தே பெயர். நம்ம பச்சைப் பிள்ளை மாதிரிதான்!

கழக்கூட்டத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு வசதி உண்டு. பக்கத்து வீட்டு மலையாளியும் 'பச்சவெள்ளம்' என்றுதான் கேட்பார். நாம் பச்சைப் பொய் என்பதை அவர் 'பச்சக்கள்ளம்' என்பார். வடமொழி கலவாத மலையாளம் அவருக்குப் 'பச்ச மலயாளம்'. காமராசரைப் பெரியார் பச்சைத் தமிழர் என்றதும் இதே பொருளில்தான். கதகளியில் நளன் போன்ற உத்தம நாயகர்களுக்குப் பச்சை வேஷம்.

ஆகவே பெற்றோர்களே, பச்சையை நிறப் பட்டியலில் மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது ஆச்சி "பச்சை உடம்பு, காத்துல நிக்காதே" என்றால் நம்ம பேத்திக்கு அது புரிய வேண்டும். வீட்டில் புழங்கினால்தான் சொல் பசுமையாக இருக்கும்.