ஒரு நாளைக்கு 100 ரூபாய் பிறந்த கதை

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சம்பளம். 2016 நவம்பர் வரை பல பனியன் கம்பெனிகளில் அது கவரில் வரும் நோட்டுதான். பழைய 500, 1000 செல்லாமல் போனதும் வாரச் சம்பளத்துக்குப் பணம் புரட்ட முடியாமல் ஊரே திணறியது. டெய்லர், செக்கிங் என்று ஆட்களுக்கு அவசர அவசரமாக வங்கிக் கணக்கு திறந்தார்கள். கணக்கோடு ஏ.டி.எம். முன்னால் நின்று முழிப்பதும் வந்து சேர்ந்தது. மெஷினுக்குள் கடகடவென்று நோட்டு எண்ணும் சத்தம் கேட்கும், வாய் திறக்காது. செல்போனில் மட்டும் பணம் எடுத்தாகிவிட்டதாக மெசேஜ் வந்து விழும்.

இந்த முழிப்புக்கு ரிசர்வ் வங்கி 2009 ஜூலையிலேயே ஒரு விலை வைத்திருந்தது. புகார் கொடுத்து 12 வேலை நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். மெஷின் யாருடையதானாலும் கார்டு கொடுத்த வங்கிதான் தர வேண்டும். 2011 ஜூலை 1 முதல் 12 என்பது 7 ஆனது. இழப்பீடு வேண்டுமானால் 30 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

கோளாறு அங்கேதான். வாடிக்கையாளர் போய்ச் சொன்னால்தான் நாள் கணக்கே ஆரம்பம். பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவர் வேலை நாளில் கிளைக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. 100 ரூபாய்க்காக யார் போவார்?

2019 செப்டம்பர் 20 அன்று வந்த சுற்றறிக்கை அதைத் தலைகீழாக்கியது. அந்த அக்டோபர் 15 முதல், பணம் மாட்டிய தேதியிலிருந்தே கணக்கு. புகாருக்குக் காத்திராமல் வங்கி தானாகவே பணத்தையும் இழப்பீட்டையும் வரவு வைக்க வேண்டும். ஏ.டி.எம்.முக்கு ஐந்து நாள். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பி, அவருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள். கடையில் க்யூ.ஆர். ஸ்கேன் செய்து மாட்டினால் ஐந்து நாள். எல்லாமே காலண்டர் நாள். வங்கி விடுமுறையைச் சாக்குச் சொல்ல வழியில்லை. சனிக்கிழமை ராத்திரி பீகார் தொழிலாளி தன் வீட்டுக்கு அனுப்பிய பணம் நடுவில் நின்றால், ஞாயிறு முடிவதற்குள் திரும்பியாக வேண்டும். வாரச் சம்பள ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு விதியை நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமலில்லை. மாட்டியது 500 ஆனாலும் 50,000 ஆனாலும் அதே 100தான். 2009-இல் வைத்த தொகை 2019-இலும் ஏறவில்லை. இடையில் நூல் விலை எத்தனை முறை ஏறி இறங்கியது என்று திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் கேட்டால் சொல்வார்கள். தப்பான நம்பருக்கு நாமே அனுப்பிய பணமும் இதில் வராது.

தானாக வராவிட்டால், மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணோடு வங்கியில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. முன்பு எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டியிருந்தது. 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். விவரம் கேட்க 14448.